நாலு காகிதம், நாலு கடைசித் தேதி

கார் டீலர்ஷிப் எடுக்கலாமா என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது மார்ஜின் எவ்வளவு என்பதைத்தான். அடுத்து, மாசக் கடைசியில் கம்பெனி எத்தனை வண்டியைத் தலையில் கட்டும், ஸ்டாக்குக்கு பேங்க் என்ன வட்டி போடும் என்பார்கள். இடத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "இடம் இருக்கு சார், மெயின் ரோட்டு மேலயே இருக்கு" என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். தஞ்சாவூரில் ஒன்பது வருடம் டீலராக இருந்து வெளியே வந்தவன் நான். வண்டி விற்காத மாதங்களைக்கூட எப்படியோ சமாளித்தேன். இடத்துக்காகப் போட்ட கையெழுத்துகளிலிருந்து வெளியே வருவதற்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது.

கம்பெனியின் பெயரை எழுதப் போவதில்லை. பெயர் தெரிந்து உங்களுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை. அந்தக் காகிதங்களில் என்ன இருந்தது என்பதுதான் உங்களுக்குப் பயன்படும்.

2012இல் ஆரம்பித்தபோது எல்லாம் எளிதாகத்தான் இருந்தது. ஊருக்குள் ஒரு சின்ன ஷோரூமை வாடகைக்குப் பிடித்தேன். ஒர்க்‌ஷாப்புக்கு அப்பாவின் பழைய அரிசி ஆலை கிடைத்தது. பைபாஸ் பக்கம் 70 சென்ட் நிலம். அதில் ஆலைக் கட்டடம் இருபது சென்ட் இருக்கும், மீதியெல்லாம் நெல் காயப்போட்ட களம். ஆலை ஓடாமல் நாலைந்து வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அப்பா சாவியைக் கொடுத்து, "சும்மா கெடக்குறதுக்கு நீ வச்சுப் பொழச்சுக்க" என்றார். வாடகை பேசவில்லை, எழுதவும் இல்லை. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் எதற்குப் பத்திரம் என்று விட்டுவிட்டோம். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

டீலர்ஷிப் ஒப்பந்தம் மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். 2015இல் தானாகப் புதுப்பித்தார்கள். 2017 கடைசியில் ஏரியா மேனேஜர் வந்து, அடுத்த முறை புதுப்பிக்க வேண்டுமென்றால் புதுத் தோற்றத்துக்கு மாற வேண்டும் என்றார். முகப்பு, தரை ஓடு, விளக்கு, சோபாவின் நிறம் வரை வரைபடம் வந்தது. சாலையைப் பார்த்த முகப்பு 80 அடி அகலம் இருக்க வேண்டும், ஆறு வண்டி நிறுத்திக் காட்ட வேண்டும். பழைய ஷோரூமில் அதற்கு வழியே இல்லை.

திருச்சி சாலையில் ஒரு இடம் கிடைத்தது. உரிமையாளர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர், நல்ல மனிதர். மாதம் 1,85,000 ரூபாய் வாடகை, பத்து மாத அட்வான்ஸ். எனக்காகத் தன் பணத்தைப் போட்டுத் தளமும் கூரையும் கட்டித் தருவதால், ஒன்பது வருட லாக்-இன் கேட்டார். அதாவது, ஒன்பது வருடத்துக்குள் நான் காலி செய்தால் மீதி மாதங்களுக்கும் வாடகை கட்ட வேண்டும். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் நியாயம்தான், கார் ஷோரூமுக்கென்று கட்டிய கண்ணாடிக் கூடத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாகப் பதிவு செய்தோம். உள்வேலைக்கு மட்டும் எனக்கு 1 கோடியே 40 லட்சம் ஆனது. ஏழு வருடக் கடன்.

2018 மார்ச்சில் சென்னையில் ஒரு ஹோட்டலுக்கு டீலர்களை வரச்சொன்னார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் கையெழுத்து. ஒவ்வொருவருக்கும் ஒரு தடித்த கோப்பு, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. டீலர்ஷிப் ஒப்பந்தம் எனக்குப் பழக்கம். அதன் பின்னால் இரண்டு புதுக் காகிதங்கள் இருந்தன. ஒன்று, ஷோரூம் உரிமையாளரிடம் வாங்கிவர வேண்டிய ஒப்புதல் கடிதம். இன்னொன்று, ஒர்க்‌ஷாப் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையெழுத்திட்டுத் தர வேண்டிய இடப் பயன்பாட்டு உறுதிமொழி. "ஒண்ணும் இல்ல சார், ஃபார்மாலிட்டி. எல்லாரும் போடுறாங்க" என்றார் ஏரியா மேனேஜர். நான் ஊருக்கு எடுத்துவந்து அப்பாவிடம் நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக்கூடத் தேடாமல் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு நிமிடத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அந்த உறுதிமொழியில் இருந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலம் முழுவதும், அதாவது சர்வே எண் போட்டு 70 சென்ட்டும், பத்து வருடத்துக்கு இந்தக் கம்பெனியின் வண்டிகளுக்கு மட்டுமே பயன்படும். வேறு எந்தத் தயாரிப்பாளரின் வண்டியும் அங்கே விற்கவோ பழுதுபார்க்கவோ கூடாது. கம்பெனியின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் நிலத்தை விற்கவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. டீலர்ஷிப் முடிந்துபோனாலும் கம்பெனி விரும்பினால், அது கைகாட்டும் புது டீலர் அந்த இடத்தை மீதிக் காலத்துக்குக் குத்தகையாக எடுத்துக்கொள்ளலாம். வாடகை? "பழைய டீலர் செலுத்திவந்த அதே வாடகை." நான் அப்பாவுக்குச் செலுத்திவந்த வாடகை பூஜ்யம்.

ஷோரூம் உரிமையாளரின் ஒப்புதல் கடிதமும் இதே ஜாடைதான். நான் வெளியேறினால் கம்பெனி சொல்லும் ஆள் என் குத்தகைக்குள் நுழையலாம், அந்த உரிமை கம்பெனியிடம் இருக்கும் வரை போட்டிக் கம்பெனிக்கு அவர் அந்தக் கட்டடத்தைத் தரக்கூடாது.

கம்பெனிகள் இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பத்து வருடம் விளம்பரம் செய்து, அந்த முனை என்றாலே இந்த வண்டிதான் என்று ஊர் மனதில் பதியவைத்த இடத்தில், ஒரு நாள் காலையில் போட்டியாளரின் பலகை ஏறினால் அவர்களுக்கு நஷ்டம். விற்ற வண்டிக்கு சர்வீஸ் எங்கே என்று வாடிக்கையாளர் தவிக்கக் கூடாது என்பதும் நியாயமான கவலை. பெட்ரோல் பங்குகளில் எண்ணெய் நிறுவனம் நிலத்தையே நீண்ட குத்தகைக்கு எடுத்துக்கொண்டு பங்கு வைக்கும் வழக்கம் நம் ஊரில் பலருக்குத் தெரியும். ஆனால் அங்கே நிலத்துக்கு வாடகை வருகிறது. எங்களைப் போன்ற வண்டி டீலர் விஷயத்தில் நிலத்தின் மேல் பிடி கம்பெனியிடம், வாடகை, வரி, கடன், கட்டடச் செலவு எல்லாம் டீலரிடம். எனக்கு இன்றும் ஒப்பாத விஷயம் இதுதான். பிடி வேண்டுமென்றால் அதற்கு விலை கொடுக்க வேண்டும்.

புது ஷோரூம் திறந்து ஏழு மாதத்தில், 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல். பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. என்னிடம் கார் வாங்கியவர்களில் பாதிப் பேர் தோப்புக்காரர்கள். தென்னை மறுபடி காய்க்க எத்தனை வருடம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 2019 முழுவதும் நாடெங்கும் கார் விற்பனை படுத்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு, அதோடு பிஎஸ்-4, அதாவது பழைய புகை விதிப்படி செய்த வண்டிகளை விற்றுத் தீர்க்க வேண்டிய கடைசித் தேதியும் சேர்ந்து வந்தது.

ஊரடங்கு தளர்ந்ததும், களத்துப் பக்கம் காலியாகக் கிடந்த 50 சென்ட்டில் மின்சார ஸ்கூட்டர் டீலர்ஷிப் ஒன்று எடுக்கலாம் என்று பார்த்தேன். காருக்கும் ஸ்கூட்டருக்கும் என்ன போட்டி? சம்மதம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். ஏழு வாரம் பதில் இல்லை. அப்புறம் ஒரு வரி வந்தது, உறுதிமொழியின்படி அனுமதிக்க இயலாது என்று. அதே சமயத்தில் என் தங்கை, தன் மகளின் படிப்புக்காக, தன் பங்கு நிலத்தின் மேல் கடன் வாங்க முயன்றாள். பேங்கின் வழக்கறிஞர், இந்தச் சொத்தின் மேல் வேறு எந்த ஒப்பந்தமும் இல்லை என்று எழுதித் தரச் சொன்னார். வில்லங்கச் சான்றில் அந்த உறுதிமொழி ஏறவில்லை, அது பதிவு செய்யப்படாத காகிதம். ஆனால் இருப்பதை இல்லை என்று எப்படி எழுதித் தருவது? அப்பா முடியாது என்றுவிட்டார். தங்கை அன்றைக்குத்தான் அந்தக் காகிதத்தைப் பற்றியே தெரிந்துகொண்டாள். "அண்ணா, அப்பா நெலத்துக்கு நீ எப்படிண்ணா தனியா முடிவு எடுத்த?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

2020 டிசம்பரில் கடிதம் வந்தது. நெட்வொர்க்கைச் சீரமைக்கிறோம், 2021 மார்ச் 31உடன் உங்கள் ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டோம். காரணம் எதுவும் சொல்லவில்லை. ஒப்பந்தப்படி சொல்லத் தேவையும் இல்லை.

வக்கீல் அம்மாவிடம் போனேன். அவர் முதல் நாள் சட்டமே பேசவில்லை. எல்லாக் காகிதத்தையும் வாங்கி மேசையில் பரப்பி, ஒரு வெள்ளைத் தாளில் நாலு தேதியை எழுதினார். டீலர்ஷிப் ஒப்பந்தம் முடிவது 2021 மார்ச். பேங்க் கடன் முடிவது 2025 மார்ச். ஷோரூம் லாக்-இன் முடிவது 2027 மார்ச். அப்பா நிலத்தின் உறுதிமொழி முடிவது 2028 மார்ச். "வருமானம் தர்ற காகிதத்துக்கு மூணு வருஷம் ஆயுசு. செலவு வைக்கிற மூணு காகிதத்துக்கும் ஏழு, ஒன்பது, பத்து. இதை யாருமே உங்களுக்குச் சொல்லலியா?" என்றார். ஒவ்வொரு வண்டியிலும் எத்தனை ரூபாய் நிற்கிறது என்று பைசா சுத்தமாகக் கணக்கு வைத்திருந்த எனக்கு இந்த நாலு தேதியையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கத் தோன்றவே இல்லை. லாக்-இன் பாக்கி மட்டும் 72 மாதம், 1 கோடியே 33 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்.

கம்பெனி மேல் வழக்குப் போட்டுப் புதுப்பிக்க வைக்க முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார். அறிவிப்புக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கும் ஒப்பந்தத்தை நீதிமன்றம் கட்டாயப்படுத்தித் தொடரவைப்பதில்லை. 1991இல் இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கும் அமிர்தசரஸில் ஒரு கேஸ் விநியோகஸ்தருக்கும் நடந்த வழக்கில், அறிவிப்புக் காலமான 30 நாட்களுக்கான வருமான இழப்பு மட்டும்தான் கிடைக்கும், விநியோக உரிமை திரும்பக் கிடைக்காது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் ஒப்பந்தமோ காலம் முடிந்தே முடிந்தது. அங்கே பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் இல்லை.

அப்பா நிலத்தின் விஷயத்தில் அவர் கொஞ்சம் நம்பிக்கையாகப் பேசினார். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு, ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. டீலர்ஷிப் நடக்கும் காலத்தில் வேறு கம்பெனி வண்டியை வைக்காதே என்று சொல்வது வேறு, அதை நீதிமன்றங்கள் ஒப்புக்கொள்கின்றன. 1995இல் கோகோ கோலா நிறுவனத்துக்கும் ஒரு பாட்டில் நிரப்பும் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. உறவு முடிந்த பிறகும் ஏழு வருடம் உன் நிலத்தில் நீ தொழில் செய்யாதே என்பது அந்த வரம்புக்குள் வராது என்பது அவர் கருத்து. "ஆனா இதை ஜட்ஜ் வாயால கேக்க எத்தனை வருஷம் ஆகும்னு என்னைக் கேக்காதீங்க. அதுக்குள்ள உங்க அப்பாவுக்கு வயசு என்ன ஆகும்?" அப்பாவுக்கு அப்போது 79.

ஷோரூம் உரிமையாளரிடம் நேரில் போனேன். வக்கீல் நோட்டீஸ் எதுவும் அனுப்பாமல் முதலில் போய் உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று. "தம்பி, எனக்கும் பேங்க் கடன் இருக்கு. நீங்க போறது உங்க தப்பில்லன்னு தெரியுது. ஆனா மாசாமாசம் நான் கட்டணுமே" என்றார். சட்டம் அவருக்கு முழு 72 மாதத்தையும் தூக்கிக் கொடுத்துவிடாது. ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், இழப்பைக் குறைக்க அவருக்கு இருந்த வழிகளையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும் என்று அதே சட்டத்தின் 73, 74ஆவது பிரிவுகளைக் காட்டி வக்கீல் அம்மா சொல்லியிருந்தார். நான் அதை அவரிடம் ஒரு அஸ்திரமாக எடுக்கவில்லை. புது ஆள் தேடித் தருகிறேன், வரும்வரை வாடகை கட்டுகிறேன் என்று மட்டும் சொன்னேன். மூன்றே வாரத்தில் ஆளும் வந்தது. வேறொரு கார் கம்பெனியின் டீலர், அதே கண்ணாடிக் கூடம் அவருக்கு அப்படியே பொருந்தும், வாடகையும் கிட்டத்தட்ட அதே.

ஆனால் உரிமையாளர் என் பழைய கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த ஒப்புதல் கடிதம் குறுக்கே நின்றது. போட்டிக் கம்பெனிக்குத் தரக்கூடாது. தஞ்சாவூரில் புது டீலரை நியமிக்கும் எண்ணமும் அவர்களுக்கு இல்லை. தானும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள், விடவும் மாட்டார்கள். ஐந்து மாதம் காலிக் கட்டடத்துக்கு வாடகை கட்டினேன், வாடகை மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து. தொழில் நடந்தபோது அந்த ஜிஎஸ்டியை விற்பனைக்குக் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். விற்பனையே இல்லாதபோது அது கையிலிருந்து போகும் காசு.

வழி எங்கே திறந்தது என்றால், இறுதிக் கணக்கில். எந்த டீலரை அனுப்பினாலும் கம்பெனிக்கு ஒரு காகிதம் வேண்டும்: எனக்கும் கம்பெனிக்கும் இனி எந்தப் பாக்கியும் இல்லை, எந்த உரிமையும் கோரமாட்டேன் என்று டீலர் எழுதித் தருவது. அவர்கள் எனக்குத் தர வேண்டிய ஊக்கத்தொகை, வாரண்டி பாக்கி, திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டிய ஸ்பேர்ஸ் எல்லாம் சேர்த்து ஒரு தொகை வந்தது. எனக்குப் பணம் அவசரம். அந்தத் தொகையைக் காட்டி, உடனே கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். வக்கீல் அம்மா பேனாவைத் தொடவே விடவில்லை. "இந்த ஒரு கையெழுத்துத்தான் இப்ப உங்ககிட்ட மிச்சம் இருக்கு" என்றார். இரண்டு இடங்களுக்கும் விடுவிப்புக் கடிதம் தந்தால் அதே நாளில் இதில் கையெழுத்திடுகிறேன் என்று எழுதினோம். பதில் இல்லை. மறுபடி எழுதினோம். அவர்களுடைய கணக்குத் தணிக்கை நெருங்கியபோது சென்னை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. 2021 ஆகஸ்டில் இரண்டு கடிதங்களும் கைக்கு வந்தன. ஷோரூமை மாற்றிக் கொடுத்தோம். உரிமையாளர் 18 லட்சத்து 50 ஆயிரம் அட்வான்ஸில் ஆறு மாத வாடகையை, அதாவது 11 லட்சத்து 10 ஆயிரத்தை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். எனக்கு வலித்தது, ஆனால் அவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நடுவில் ஒரு சின்ன விஷயம், பலர் கோட்டை விடுவது. ஷோரூமில் நான் பொருத்திய ஏசி, ஜெனரேட்டர், கண்ணாடித் தடுப்பு, விளக்குகள் யாருடையவை? சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவின்படி, குத்தகைக்காரர் தான் பொருத்தியதை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் இடம் தன் கையில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், வாங்கியபோது இருந்த நிலையில் இடத்தை விட வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் அதுதான் நிற்கும். சாவியைக் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் லாரியோடு போனால் கதவு திறக்காது. நான் புது டீலரிடம் அதில் பாதியை விலைக்கே விற்றுவிட்டேன். கம்பெனியின் பெயர்ப் பலகைகளை மட்டும் என் செலவில், அவர்கள் சொன்ன 15 நாளுக்குள் இறக்க வேண்டியிருந்தது.

நான் வெளியே வந்த அடுத்த மாதம், 2021 செப்டம்பர் 9ஆம் தேதி, ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. மறைமலை நகர் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் கதை நாளிதழ்களில் வந்தது, வர வேண்டியதும்தான். டீலர்களைப் பற்றி அவ்வளவு வரவில்லை. 170 டீலர்கள், 391 இடங்கள், சுமார் 2,000 கோடி ரூபாய் முதலீடு என்று டீலர்களின் கூட்டமைப்பான ஃபாடா அப்போது கணக்குச் சொன்னது. அந்த 391 இடத்துக்கும் பின்னால் ஒரு குத்தகைப் பத்திரமோ ஒரு அப்பாவின் நிலமோ இருந்திருக்கும். 2017இல் ஜெனரல் மோட்டார்ஸ் இங்கே விற்பனையை நிறுத்தியபோதும் இதே நிலைதான். டீலர்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று ஃபாடா பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1956இலேயே டீலர்களுக்கென்று ஒரு மத்தியச் சட்டம் வந்துவிட்டது, மாநிலச் சட்டங்கள் தனி. ஆஸ்திரேலியாவில் 2020இல் ஹோல்டன் கார்கள் நிறுத்தப்பட்டு டீலர்கள் தவித்த பிறகு விதிகளைத் திருத்தினார்கள். 2021 ஜூலையிலிருந்து அங்கே புது கார் டீலர் ஒப்பந்தம் போடும் கம்பெனி, போட்ட முதலைத் திரும்ப எடுக்க டீலருக்கு நியாயமான வாய்ப்புத் தர வேண்டும், சந்தையை விட்டுப் பாதியில் போனாலோ நெட்வொர்க்கைச் சுருக்கினாலோ இழப்பீட்டுக்கு ஒப்பந்தத்திலேயே வழி வைக்க வேண்டும். நம்மிடம் அந்த மாதிரி சட்டம் வரும்வரை, நாம் எழுதுகிற வரிகள்தான் நமக்குப் பாதுகாப்பு.

எந்த வரிகள் என்று கேட்டால், நான் முதலில் நிற்பது தேதியில். கம்பெனி மூன்று வருடத்துக்கு மேல் தராது என்றால், உங்கள் லாக்-இன்னும் மூன்று வருடமாக இருக்கட்டும். உரிமையாளர் ஒப்பவில்லையென்றால், என் தவறு இல்லாமல் டீலர்ஷிப் முடிந்தால் ஆறு மாத வாடகையோடு லாக்-இன் தீரும் என்று ஒரு வாக்கியத்தைக் கேளுங்கள். நான் கடைசியில் கொடுத்ததும் அட்வான்ஸில் அதே ஆறு மாதம்தான். முன்பே எழுதியிருந்தால் காலிக் கட்டடத்துக்குக் கட்டிய ஐந்து மாத வாடகையும் தூக்கமும் மிச்சமாகியிருக்கும்.

இடப் பயன்பாட்டுக் கட்டுப்பாடு டீலர்ஷிப் ஒப்பந்தம் உயிரோடு இருக்கும் வரைதான், அது முடிந்த அன்றே தானாக ஒழியும், தனிக் கடிதம் தேவையில்லை என்று எழுத வேண்டும். எனக்கு ஐந்து மாதம் பறிபோனது இந்த ஒரு வரி இல்லாததால்தான். கட்டுப்பாடு எவ்வளவு நிலத்துக்கு என்பதையும் சர்வே எண்ணோடு விட்டுவிடக் கூடாது. சர்வேயரை வைத்து அளந்து, ஷோரூமும் ஒர்க்‌ஷாப்பும் நிற்கும் பகுதியை மட்டும் வரைபடத்தில் சிவப்புக் கோட்டில் காட்டி அதைப் பத்திரத்தோடு இணையுங்கள். இருபது சென்ட்டுக்குப் போட வேண்டிய கையெழுத்தை நான் எழுபது சென்ட்டுக்குப் போடவைத்தேன். சம்மதம் கேட்டால் 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் சம்மதம் என்றே கொள்ளப்படும் என்பதும் அவசியம்.

சொந்த நிலம், அப்பா நிலம், மாமனார் நிலம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். உங்கள் நிறுவனத்துக்கும் நில உரிமையாளருக்கும் நடுவில் முறையான குத்தகை எழுதி, சந்தை வாடகை போட்டு, அதைப் பேங்க் வழியாகக் கட்டுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய காலக்கெடு நீதிமன்றத்தில் நிற்காமல் போகும். வாடகை என்று ஒரு எண் எழுத்தில் இருந்திருந்தால், பூஜ்யத்துக்கு அந்த நிலத்தை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும் ஆபத்து எங்களுக்கு வந்திருக்காது. அப்பா நேரடியாகக் கம்பெனிக்கு எதுவும் எழுதித் தரவே தேவையில்லை, குத்தகைக்காரனான நான் என் குத்தகை உரிமையின் அளவுக்கு மட்டும் உறுதி கொடுத்தால் போதும். அந்தச் சொத்தில் உரிமையுள்ள கூடப்பிறந்தவர்களிடம் காகிதத்தைக் காட்டாமல் மட்டும் போகாதீர்கள்.

ஏரியா மேனேஜர் வாயால் சொல்வது எதற்கும் மதிப்பில்லை. அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, என் ஒன்பது வருடத்தில் ஐந்து பேர் மாறினார்கள். எழுத்தில் உள்ளது மட்டுமே முழு ஒப்பந்தம், அதற்கு முன் பேசியது எதுவும் செல்லாது என்று அந்தத் தடித்த கோப்பின் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி இருக்கும். அதைத் தேடிப் படித்துவிட்டு அப்புறம் அவர் பேச்சைக் கேளுங்கள். ஹோட்டலில் வைத்துக் கையெழுத்து வாங்கினால், படித்துவிட்டு அனுப்புகிறேன் என்று கோப்பை எடுத்துக்கொண்டு வாருங்கள். நான் எடுத்துக்கொண்டுதான் வந்தேன், ஆனால் வக்கீலிடம் போகாமல் நேரே அப்பாவிடம் போனேன்.

விடுவிப்புக் கடிதம் வந்த அன்று அதை அப்பாவிடம் கொடுத்தேன். இந்த முறை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சர்வே எண் சரியாக இருக்கிறதா என்று பட்டாவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அடுத்த தை மாதத்தில் பாகப் பத்திரம் போட்டு, களத்தில் பாதி தங்கை பெயருக்குப் போனது. பழைய ஆலையில் இப்போது எல்லாக் கம்பெனி கார்களையும் பார்க்கும் ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். என்னிடம் இருந்த மெக்கானிக்குகளில் ஏழு பேர் கூடவே இருக்கிறார்கள்.

போன வருடம் ஒரு மின்சார ஸ்கூட்டர் கம்பெனி டீலர்ஷிப் தர வந்தது. அவர்களும் இடப் பயன்பாட்டுக் காகிதம் ஒன்றை நீட்டினார்கள், மூன்று பக்கம். நான் ஐந்து திருத்தம் கேட்டேன். தானாக ஒழியும் வரி, வரைபடம், 30 நாள் பதில், இந்த மூன்றுக்கும் ஒத்துக்கொண்டார்கள். என் லாக்-இன் நஷ்டத்தில் பங்கேற்பது, பலகை இறக்கும் செலவு, இந்த இரண்டும் முடியாது என்றார்கள். வாடகைக்கு எடுத்த சின்னக் கடைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டேன், லாக்-இன் இல்லாமல், ஒப்பந்தத்தோடு முடியும் குத்தகையாக. ஆலை நிலத்தின் சர்வே எண்ணையும் இணைப்பில் சேர்த்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை எடுத்துத் தனியாக வைத்துவிட்டு மீதியைத்தான் திருப்பி அனுப்பினேன்.